பழைய ஃபிளாப்பி படிக்க மறுக்கிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

ஃபிளாப்பியைச் செருகியதும் "இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா?" என்று கணினி கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே படியுங்கள். "எனக்கு இந்த எழுத்து புரியவில்லை" என்பதைத்தான் அது பெரும்பாலும் இப்படிச் சொல்கிறது. தகவல் பத்திரமாக இருக்கும் டிஸ்க்குக்கும் இதே கேள்வி வரும். ஆம் என்று அழுத்தினால்தான் உண்மையிலேயே போய்விடும்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை, டிஸ்க்கில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டுவது. 3.5 அங்குல டிஸ்க்கில் மூலையிலுள்ள சிறு தாழைத் தள்ளி, துளை திறந்திருக்கும்படி வைத்தால் பூட்டு விழுந்துவிட்டது. 5.25 அங்குலத்தில் நேர்மாறு: விளிம்பிலுள்ள வெட்டை ஒட்டி மூடினால்தான் பூட்டு. 8 அங்குலத்தில் மறுபடியும் தலைகீழ், வெட்டு திறந்திருந்தால் பூட்டு. சில டிரைவ்கள் இந்த வெட்டை ஒளியால் சோதிப்பவை, அதனால் கண்ணாடி போன்ற டேப் உதவாது. ஒளி புகாத டேப் வேண்டும். "படிக்கத்தானே போகிறேன்" என்று இதை விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 95, 98 இரண்டும் பூட்டாத டிஸ்க்கைத் திறந்தாலே அதன் தொடக்கத்திலுள்ள பூட் செக்டர் என்ற பகுதியில் தங்கள் அடையாளத்தை எழுதிவிடும்.

இரண்டாவது வேலை, ஃபிளக்ஸ் பதிவு எடுப்பது. டிஸ்க்கில் காந்தத்தின் திசை மாறும் ஒவ்வோர் இடத்திலும், டிரைவில் படிக்கும் முனையான ஹெட்டில் ஒரு துடிப்பு எழும். டிரைவை இயக்கும் சாதாரண கன்ட்ரோலர் சிப் அந்தத் துடிப்புகளை அப்போதே பிட்டுகளாக மாற்றப் பார்க்கும்; தனக்குத் தெரிந்த அமைப்பு இல்லையென்றால் எல்லாவற்றையும் கீழே கொட்டிவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும். கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ், சூப்பர்கார்டு புரோ போன்ற பலகைகள் அப்படிச் செய்வதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதை அப்படியே கோப்பில் பதிந்துகொள்கின்றன. அது எந்தக் கணினியின் டிஸ்க், எந்த அமைப்பு என்பதைப் பிறகு நிதானமாகக் கண்டுபிடிக்கலாம். முப்பது நாற்பது வயதான டிஸ்க்குக்கு ஒவ்வொரு சுழற்சியும் தேய்மானம்தான். பதிவு ஒன்று கையில் இருந்தால் நூறு முறை தவறாகப் பிரித்தாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. கீழே வரும் எல்லாவற்றிலும் நான் முதலில் பதிவில்தான் காரணத்தைத் தேடுவேன், வேறு வழியே இல்லாதபோதுதான் டிஸ்க்கை மறுபடி செருகுவேன்.

## "ஃபார்மட் செய்யப்படவில்லை" என்ற செய்தி

யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் இந்தச் செய்தி வந்தால், டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் டிரைவைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பி டிரைவுக்குள்ளேயே ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது. 720 கேபி, 1.44 எம்பி என்ற இரண்டு பிசி அமைப்புகளைத் தாண்டி அதற்குத் தெரிந்தது மிகக் குறைவு. எந்த மென்பொருளைப் போட்டாலும் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. துடிப்புகளை அது வெளியே விடுவதே இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களை விற்ற டிஸ்க்குகளில் சில, டிராக்குக்கு (டிஸ்க்கின் ஒவ்வொரு வட்டப் பாதைக்கும்) 18 செக்டருக்கு, அதாவது 18 துண்டுக்குப் பதில் 21 செக்டர் வைத்து 1.68 எம்பி அடைத்தவை. பிசிக்கே உரிய அந்த டிஸ்க்குகள்கூட யூஎஸ்பி டிரைவில் தடுமாறும்.

டிஸ்க் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அமிகாவின் 880 கேபி டிஸ்க் வெளித்தோற்றத்தில் பிசி டிஸ்க்கேதான், பிட்டுகளை எழுதும் முறைகூட அதே எம்எஃப்எம். ஆனால் ஒரு டிராக்கின் 11 செக்டர்களையும் ஒரே மூச்சில் இடைவெளியின்றி எழுதும் வழக்கம் அதற்கு. பிசி கன்ட்ரோலர் தேடும் செக்டர் தலைப்புகள் அங்கே இருக்காது. மெக்கின்டாஷின் 400, 800 கேபி டிஸ்க்குகள் ஜிசிஆர் என்ற வேறு முறையில் எழுதப்பட்டவை. போதாததற்கு, உள் டிராக், வெளி டிராக் என்று இடத்துக்கேற்ப மோட்டாரின் வேகத்தையும் மெக் மாற்றும். இதைக் கேட்டு மெக் டிரைவே வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. ஒரே வேகத்தில் சுழலும் சாதாரண பிசி டிரைவில் ஃபிளக்ஸ் பதிவு எடுத்தால், துடிப்பு இடைவெளிகள்தான் டிராக்குக்கு டிராக் மாறும். பிரிக்கும் மென்பொருள் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். மெக்கின் 1.44 எம்பி டிஸ்க் மட்டும் எம்எஃப்எம், அது யூஎஸ்பி டிரைவிலேயே படிக்கும்.

கமோடோர் 64, ஆப்பிள் II இரண்டும் 5.25 அங்குல ஜிசிஆர். பிபிசி மைக்ரோவின் பழைய டிஸ்க்குகள் எஃப்எம் என்ற இன்னும் பழைய முறை. பிசிகளில் இருந்த பல கன்ட்ரோலர்களுக்கு எஃப்எம் அறவே வராது. ஆம்ஸ்டிராடின் 3 அங்குல டிஸ்க்குக்கு அதற்கேயான டிரைவ் வேண்டும். அந்த டிரைவில் மோட்டாரைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் இத்தனை வருடங்களில் தளர்ந்திருக்கும், சில நேரம் கரைந்து பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். சுழற்சி நிமிடத்துக்கு 300 வராமல் ஏறி இறங்கினால் பெல்ட்டை மாற்றும்வரை வேறெதையும் தொடாதீர்கள்.

5.25 அங்குல டிஸ்க்கின் நடு ஓட்டையை விரலால் மெல்லச் சுற்றிப் பார்க்கும்போது, உறையின் சிறு துளையில் ஒன்றுக்குப் பதில் 11 அல்லது 17 துளைகள் அடுத்தடுத்து வந்துபோனால் அது ஹார்டு செக்டர் டிஸ்க். செக்டர் எங்கே தொடங்குகிறது என்பதைத் துளையே சொல்லும் அமைப்பு. பிசி கன்ட்ரோலர் இங்கேயும் கைவிரிக்கும், ஃபிளக்ஸ் பதிவுதான் கதி.

## டிரைவ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது

ரிப்பன் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள். சிவப்புக் கோடு முதல் பின் பக்கம் வரவேண்டும். அணைத்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள், இதனால் டிரைவ் கெட்டுப்போவது அபூர்வம்.

விளக்கே எரியாமல் மோட்டாரும் சுழலாவிட்டால் கேபிளின் முறுக்கைப் பாருங்கள். பிசி கேபிளில் 10 முதல் 16 வரையுள்ள கம்பிகள் ஓரிடத்தில் முறுக்கித் திருப்பப்பட்டிருக்கும். முறுக்குக்கு அப்பாலுள்ள டிரைவ் ஏ, முறுக்குக்கு முன்னாலுள்ளது பி. மென்பொருள் கூப்பிடுவது ஒரு டிரைவை, இணைத்திருப்பது இன்னொரு டிரைவாக என்றால் இப்படித்தான் ஊமையாக இருக்கும்.

## டிஸ்க்கை மாற்றியும் முந்தைய டிஸ்க்கின் பட்டியலே வருகிறது

பட்டியலில் பெயர் இருக்கிறது, கோப்பைத் திறந்தால் குப்பை. பலரைப் பயமுறுத்திய இந்தப் பேய்க்குக் காரணம் 34-ஆம் பின். டிஸ்க் மாறியது என்று டிரைவ் கன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டிய கம்பி அது. அந்தக் கம்பி அறுந்திருந்தால், அல்லது டிரைவின் ஜம்பர் அந்தப் பின்னை வேறு வேலைக்கு மாற்றியிருந்தால், இயங்குதளம் பழைய டிஸ்க்கே உள்ளே இருப்பதாக நினைத்து நினைவிலுள்ள பட்டியலைக் காட்டும். இந்த நிலையில் எழுதினால் பழைய டிஸ்க்கின் பட்டியல் புது டிஸ்க்கின் மேல் ஏறி அது நாசமாகும். பூட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபிளக்ஸ் பலகையில் இந்தத் தொல்லையே கிடையாது.

## கீச்சொலி, உரசும் சத்தம், முதலில் படித்து வரவரப் பிழை

உடனே நிறுத்துங்கள். இன்னொரு முறை முயன்று பார்ப்போம் என்று கை துறுதுறுக்கும், முயலாதீர்கள். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. பதறினால் சிதறுவது டிஸ்க்கின் மேல்பூச்சு.

காந்தத்துகளை பிளாஸ்டிக்கோடு ஒட்டிவைத்திருக்கும் பசை காலப்போக்கில் ஈரம் வாங்கி இளகும். ஹெட் உரசும்போது பழுப்பு மாவாகக் கிளம்பி ஹெட்டில் அப்பும். அப்பிய மாவு அடுத்த சுற்றில் டிஸ்க்கையே சுரண்டும். வரவரப் பிழை கூடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். முன்பு படித்த டிராக்குகளும் இப்போது படிக்காவிட்டால் ஹெட் அழுக்கு என்று முடிவுகட்டலாம். டிரைவைத் திறந்து, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத குச்சியால் இரண்டு ஹெட்டையும் துடையுங்கள். கீழ் ஹெட் முதல் பக்கத்தைப் படிப்பது, மேல் ஹெட் இரண்டாம் பக்கத்தை. மேல் ஹெட்டின் கையை மேலே தூக்கி வளைக்காதீர்கள். அது வளைந்தால் அந்த டிரைவ் இனி உதிரிபாகத்துக்குத்தான்.

பூசணம் இன்னும் கெட்டது. டிஸ்க்கைச் செருகுமுன் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, திறப்பு வழியாகச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். வெண்புள்ளிகளோ மங்கிய வட்டங்களோ தெரிந்தால் அந்த டிஸ்க் இப்போதைக்கு டிரைவ் பக்கம் போகக்கூடாது. நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் ஒரு டிஸ்க்கைச் செருகினேன். அது படிக்கவில்லை. அதற்கடுத்து செருகிய நல்ல டிஸ்க்கின் முதல் டிராக்கில் கண்ணுக்குத் தெரியும் கீறல் வட்டம். பூசணம் ஹெட்டில் ஒட்டிக்கொண்டிருந்ததை யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து சந்தேகத்துக்குரிய டிஸ்க்குக்குத் தனி டிரைவ், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பிறகு ஹெட் துடைப்பு.

பூசணத்தைக் கழுவ முடியும். 5.25 அங்குல உறையின் ஒரு விளிம்பை வெட்டி உள்வட்டை வெளியே எடுத்து, ஒரு துளி சோப்புக் கரைசல் விட்ட வாலைவடிநீரில் விரலால் மெல்ல அலசி, மறுபடி வெறும் வாலைவடிநீரில் அலசி, நிழலில் முழுக்க உலரவிட்டு, சுத்தமான வேறொரு டிஸ்க்கின் உறையில் வைத்துப் படிக்கவேண்டும். முக்கியமில்லாத டிஸ்க்கில் இரண்டு மூன்று முறை பழகிய பிறகே முக்கியமானதைத் தொடுங்கள்.

## 5.25 அங்குலம்: ஒன்றுவிட்டு ஒரு டிராக் பிழை

40 டிராக் டிஸ்க்கை 80 டிராக் டிரைவில் படிக்கிறீர்கள். 360 கேபி டிஸ்க்கில் டிராக்குகள் அகலம், 1.2 எம்பி டிரைவின் ஹெட் ஒரு படி நகர்ந்தால் பாதி டிராக்தான் கடக்கும். உறுதிசெய்ய எளிய வழி உண்டு: ஹெட் 20-ஆவது இடத்தில் நிற்கும்போது செக்டர் தலைப்பு 10-ஆவது டிராக் என்று சொன்னால் அது 40 டிராக் டிஸ்க்கேதான். இரட்டைப் படி நகரும்படி மென்பொருளில் மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

இதோடு வேகமும் குழப்பும். 1.2 எம்பி டிரைவ் நிமிடத்துக்கு 360 சுற்று, 360 கேபி டிரைவ் 300 சுற்று. அதனால் நொடிக்கு 250 கிலோபிட்டாக வரவேண்டிய தகவல் 300 கிலோபிட்டாக வரும். ஃபிளக்ஸ் மென்பொருள் சுழற்சியை அளந்து தானே சரிசெய்துகொள்ளும், பழைய கன்ட்ரோலரில் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இன்னொரு வேடிக்கை: ஒரு டிரைவில் சுத்தமாகப் படிக்கும், இன்னொன்றில் அதே டிஸ்க் குழறும். 360 கேபி டிஸ்க்கில் யாரோ 1.2 எம்பி டிரைவில் திருத்தி எழுதியிருப்பார்கள். புதிய தகவல் ஒல்லியான கோடாக நடுவில் இருக்க, பழைய தகவலின் ஓரங்கள் அழியாமல் இருபுறமும் நிற்கும். அகல ஹெட் இரண்டையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும், ஒல்லி ஹெட் புதியதை மட்டும் கேட்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கை 80 டிராக் டிரைவில்தான் படிக்கவேண்டும்.

## 3.5 அங்குலம்: எழுதிய கணினியில் படித்தது, இங்கே படிக்கவில்லை

பூட்டுத் துளைக்கு எதிர்மூலையில் இரண்டாவது துளை இருந்தால் அது உயர் அடர்த்தி டிஸ்க். பழைய கணினிகள் பலவற்றில் இந்தத் துளையைக் கவனிக்கும் சென்சார் கிடையாது, அதனால் 1.44 எம்பி டிஸ்க்கையே 720 அல்லது 800 கேபியாக ஃபார்மட் செய்து பயன்படுத்தினார்கள். இன்றைய டிரைவ் துளையைப் பார்த்ததும் உயர் அடர்த்தி என்று முடிவுசெய்து தவறான வேகத்தில் கேட்கும். துளையை ஒளி புகாத டேப்பால் மூடிப் படியுங்கள். சாதா டிஸ்க்கில் தாங்களே துளைபோட்டு 1.44 ஆக்கியவர்களும் உண்டு. அந்த மேல்பூச்சு அவ்வளவு நெருக்கமான தகவலைத் தாங்கச் செய்யப்பட்டதில்லை, அவற்றில் பிழை கூடுதலாகவே இருக்கும்.

## புரட்டிப் போட்டால் ஒன்றுமே வரவில்லை

கமோடோர், ஆப்பிள் டிரைவ்கள் ஒருபக்கம் மட்டும் படிப்பவை. சிக்கனக்காரர்கள் உறையில் இன்னொரு வெட்டு வெட்டி, டிஸ்க்கைப் புரட்டிப் பின்பக்கத்திலும் எழுதினார்கள். சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் இன்டெக்ஸ் துளையைக் கமோடோரின் 1541 டிரைவ் பார்ப்பதே இல்லை, அதனால் அங்கே இது சிக்கலில்லாமல் நடந்தது. பிசி டிரைவோ இன்டெக்ஸ் துடிப்பு வராவிட்டால் டிஸ்க்கே இல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும். புரட்டிய டிஸ்க்கில் துளை தவறான பக்கம் போய்விடுகிறது. கிரீஸ்வீசலில் இன்டெக்ஸ் துடிப்பைப் பொய்யாக உருவாக்கும் வசதி இருக்கிறது. டிரைவ் தகவலைத் தடுக்காதவரை அது போதும். தடுக்கும் டிரைவ் என்றால் இன்டெக்ஸ் இல்லாமலே தகவலை விடும் வேறொரு டிரைவைத் தேடவேண்டியதுதான். உறையில் புதிதாகத் துளை போடச் சொல்பவர்கள் உண்டு. உள்ளே வட்டு இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

## எல்லாம் சரி, ஐந்தாறு செக்டர் மட்டும் சிஆர்சி பிழை

ஒவ்வொரு செக்டரோடும் எழுதப்பட்ட சரிபார்ப்பு எண்தான் சிஆர்சி, அது பொருந்தாவிட்டால் இந்தப் பிழை. ஹெட்டைத் துடைத்துவிட்டு, அந்த டிராக்குகளை மட்டும் அதிகச் சுழற்சியோடு மீண்டும் பதியுங்கள். ஒவ்வொரு முறையும் ஹெட்டை எதிர்த்திசையிலிருந்து வரவழைத்துப் பாருங்கள். உள்ளிருந்து வரும்போதும் வெளியிலிருந்து வரும்போதும் அது நிற்கும் இடம் மயிரிழை மாறும், சில நேரம் அந்த மயிரிழையில்தான் செக்டர் இருக்கும். அடுத்தது வேறு டிரைவ். எழுதிய டிரைவின் ஹெட் நேர்கோடு விலகியிருந்தால், பொருந்திய டிரைவில் வராதது சற்றுக் கோணலான டிரைவில் வரும். மூன்று பதிவுகளில் மூன்று வெவ்வேறு செக்டர்கள் கெட்டிருந்தால், நல்லவற்றை ஒன்றுசேர்த்து முழு டிஸ்க்கையும் பெற்றுவிடலாம்.

விளையாட்டு டிஸ்க்காக இருந்து, எப்போதும் அதே செக்டர் பிழை காட்டினால் விட்டுவிடுங்கள். நகலெடுப்பதைத் தடுக்க வேண்டுமென்றே வைத்த பிழை அது. படிக்கும் ஒவ்வொரு முறையும் வேறுவேறு பிட் தரும் வலுவற்ற பகுதிகளும் இதே தந்திரம்தான். பிரித்த செக்டர்களை மட்டும் வரிசையாக அடுக்கிய நகல் கோப்பான சாதாரண செக்டர் இமேஜ் இவற்றைத் தாங்காது, ஃபிளக்ஸ் கோப்பையே வைத்திருங்கள்.

## இமேஜ் பிழையில்லாமல் வந்தது, ஆனால் எதிலும் திறக்கவில்லை

முதலில் கோப்பின் அளவைப் பைட் கணக்கில் பாருங்கள், அளவே பாதி ஜாதகம். 1,474,560 என்றால் பிசி 1.44 எம்பி. 737,280 என்றால் பிசி அல்லது அடாரி எஸ்டி. 368,640 பிசி 360 கேபி, 901,120 அமிகா, 819,200 மெக் 800 கேபி, 143,360 ஆப்பிள் II, 174,848 கமோடோர் 1541. கமோடோர் இமேஜ் 175,531 பைட் இருந்தால் பயப்படாதீர்கள்: 683 செக்டருக்கும் தலா ஒரு பைட் பிழைக்குறிப்பு கடைசியில் சேர்ந்திருக்கிறது. 1,261,568 வந்தால் என்இசி பிசி-98 என்று யூகிக்கலாம், 77 டிராக், 1,024 பைட் செக்டர்.

அளவு சரி, பட்டியலும் வருகிறது, கோப்புகள் மட்டும் நடுவில் உடைகின்றன என்றால் வரிசையைச் சந்தேகியுங்கள். இரண்டு பக்கங்களையும் டிராக்குக்கு டிராக் மாறிமாறி அடுக்குவது ஒரு வழக்கம், ஒரு பக்கம் முழுதையும் முடித்துவிட்டு மறுபக்கம் போவது இன்னொன்று. ஆப்பிள் II-இல் அளவு ஒன்றேயானாலும் அதன் இரண்டு இயங்குதளங்களுக்கேற்ப டாஸ் வரிசை, புரோடாஸ் வரிசை என இரண்டு உண்டு. கோப்பின் பின்னொட்டை மாற்றினாலே, பழைய கணினியைப் போல இயங்கும் சில எமுலேட்டர் மென்பொருள்கள் திறந்துவிடும்.

சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தின் டிஸ்க் என்றால் பொறுமை வேண்டும். 8 அங்குல ஒற்றை அடர்த்தி டிஸ்க் ஒன்றுக்குத்தான் பொது அமைப்பு இருந்தது: 77 டிராக், 26 செக்டர், 128 பைட். மற்றபடி ஒவ்வொரு கணினி நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு அமைத்தது. எழுத்துக்கோப்பு 128 பைட்டுக்குத் தெளிவாக ஓடி, சட்டென்று வேறு பத்திக்குத் தாவினால் அது ஸ்கியூ. செக்டர்கள் 1, 7, 13, 19 என்று ஆறு ஆறாகத் தாண்டி எண்ணப்படுகின்றன. சிபிஎம்டூல்ஸ் என்ற கருவித்தொகுப்பில் டிராக், செக்டர், ஸ்கியூ, பிளாக் அளவு ஆகியவற்றை எழுதிக்கொடுத்தால் பட்டியல் வந்துவிடும்; ஸ்கியூ எண்ணை மாற்றிமாற்றிப் பார்த்து, வாக்கியம் வாக்கியத்தோடு சேரும் இடத்தில் நிறுத்துவேன்.

டாஸ் 2.0-க்கு முந்தைய 160, 320 கேபி டிஸ்க்குகளின் பூட் செக்டரில் டிஸ்க்கின் அளவுகளைச் சொல்லும் அட்டவணை இருக்காது. லினக்ஸில் ஏற்றும்போது பழைய டாஸ் ஃபிளாப்பி என்று தனியாகச் சொல்லவேண்டும். மெக்கின் பழைய எச்எஃப்எஸ் கோப்பமைப்பை மேக்ஓஎஸ் 10.15 முதல் படிப்பதில்லை, எச்எஃப்எஸ்யூடில்ஸ் என்ற கருவித்தொகுப்பு கைகொடுக்கும். மெக் கோப்புகளை எடுக்கும்போது ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற இரண்டாவது பகுதியையும் சேர்த்து எடுங்கள். அது போனால் பழைய நிரல்களும் எழுத்துருக்களும் பூஜ்ஜியம் பைட் கோப்பாக வந்துசேரும்.

இமேஜ் முழுக்க 246 அல்லது 229 என்ற ஒரே பைட்தானா? அது வெற்று ஃபார்மட் டிஸ்க். பட்டியலில் ஒரு பெயரின் முதல் பைட் மட்டும் 229 ஆக இருந்தால் அழித்த கோப்பு. உள்ளடக்கம் இன்னும் இருக்க வாய்ப்புண்டு.

## கோப்பு திறந்தது, எழுத்துகள் கோணல்மாணல்

ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்து மட்டும் விசித்திரமாக இருந்தால் அது வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்து மென்பொருளின் கோப்பு. சொல்லின் கடைசி எழுத்தோடு 128-ஐக் கூட்டி வைக்கும் பழக்கம் அதற்கு, கழித்துவிட்டால் போதும். எல்லா எழுத்துமே 128 கூடியிருந்தால் ஆப்பிள் II. முழுக் கோப்பும் ஒரே நீள வரியானால் மெக், அதன் வரிமுடிவு 13 என்ற பைட். அடாரி 8 பிட்டில் அது 155. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம்மாறியிருந்தால் கமோடோரின் குறியாக்கமான பெட்ஸ்கி. கோப்பின் முடிவில் 26 என்ற பைட் வரிசையாக நின்றால் சிபி/எம் தன் 128 பைட் கட்டத்தை நிரப்பியிருக்கிறது, வெட்டிவிடலாம்.

தமிழில் தட்டிய கோப்புகள் தனி இனம். யூனிகோடுக்கு முந்தையவை எழுத்துருவோடு பிணைந்தவை. சாதாரண ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் அர்த்தமில்லாமல் கலந்து தெரிந்தால் பாமினி போன்ற தட்டச்சு எழுத்துருவாக இருக்கலாம். ஆங்கில எழுத்துகளின் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்துத் தெரிந்தால் டிஸ்கி, டாப், டாம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். இவற்றை யூனிகோடாக்கும் மாற்றிகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றாக ஒரு பத்தியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். 'ஔ' போன்ற அரிதான எழுத்துகளும் கொம்பு முன்னால் வரும் 'கொ', 'தோ' போன்றவையும் சரியாக வந்தால்தான் குறியாக்கம் சரி. மாற்றியதை வேறு பெயரில் சேமித்து, டிஸ்க்கிலிருந்து வந்த மூலக் கோப்பை ஃபிளக்ஸ் பதிவின் பக்கத்திலேயே வையுங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டிய சீட்டையும் ஒரு படம் எடுத்து அதே இடத்தில் போடுங்கள். எந்த எழுத்துரு, எந்தக் கணினி என்ற விடை பல சமயம் அந்தச் சீட்டில் பேனாவால் எழுதியிருக்கும்.